பூதிகோட்டையும் புகைக் கணக்கும்

கோலார்த் தங்கவயலை அறியாத தமிழ்க் குடும்பம் நம்மிடையே அரிது. பாட்டனாரோ அவருடைய தம்பியோ வடஆர்க்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து புறப்பட்டுப் போய், இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கிப் பிழைத்த கதை பல வீடுகளில் இன்றும் சொல்லப்பட்டு வருகிறது. ஆயினும் தங்கவயலுக்கு மேற்கே, பங்காரப்பேட்டை வட்டத்தில் இருக்கும் பூதிகோட்டையைப் பார்த்தவர் மிகச் சிலரே. மைசூரை ஆண்ட ஹைதர் அலி பிறந்த ஊர் அது. அதைப் பார்த்துவர வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு நெடுநாளாக உண்டு. சென்ற தை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் நண்பர்கள் மூவர் புறப்பட்டோம்.

ஊரைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தோம். ஆனால் போகிற வழியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி எங்கள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டது. டீசல் வண்டிகளின் புகையைப் பற்றியும், அப்புகையை அளக்கும் சோதனையில் பேர்போன மோட்டார் நிறுவனங்கள் செய்த மோசடியைப் பற்றியுமே அன்று பெரும்பொழுது பேசினோம். ஆகவே இக்கட்டுரையிலும் ஊரும் புகையும் கலந்தே வரும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெங்களூரில் காலை ரயில் ஏறினோம். எங்கள் பெட்டியில் கால் நீட்டி உட்கார இடமிருந்தது. எதிர்த்திசையில் வந்த வண்டிகளிலோ வாசற்படியிலும் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தனர். தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்த் திரும்புவோர் ஆயிரக்கணக்கினர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கத்தை மூடினார்கள். அன்று முதல் இந்த ரயிலே அம்மக்களுக்குச் சுரங்கமாயிற்று என்று சொல்லலாம். விடியுமுன் ஏறி இருட்டிய பின் இறங்குகிறார்கள்.

பங்காரப்பேட்டையில் இறங்காமல் கிளைப்பாதையின் கடைசி நிலையமான மாரிகுப்பம் வரை சென்றோம். தங்கவயலைக் காணாமல் பூதிகோட்டைக்குப் போக மனம் வரவில்லை. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுவன சயனைடு மேடுகள். பாறையை மாவாக இடித்து, சயனைடு நீரில் தங்கத்தைக் கரைத்து எடுத்த பின் எஞ்சிய பொடியைக் கொட்டிக் கொட்டி உண்டான செயற்கைக் குன்றுகள் இவை. ஜான் டெய்லர் கம்பெனியார் 1880இல் வந்தது முதல் நூற்றிருபது ஆண்டுக் காலம் இங்கே 800 டன்னுக்கு மேற்பட்ட பொன் எடுக்கப்பட்டதாகக் கணக்குச் சொல்வர். பொன் வெளியூர் போயிற்று. பொடி மூன்று கோடி டன்னுக்கு மேல் இங்கேயே தங்கிவிட்டது. காற்றடி காலத்தில் அது எழும்பி லைன் வீடுகளின் கூரையிலும், உலர்த்திய துணியிலும், சோற்றுப் பானையிலும் படிகிறது. நாங்கள் சென்ற நாளில் காற்று அடங்கியிருந்தது. இருந்தும் தெருவில் விளையாடிய சிறுவர்களின் முழங்கால்கள் வெளுத்திருந்தன.

தூசியைப் பற்றி இந்த ஊர் சொல்லிக் கொடுத்த பாடம் பழையது. பாறைத் தூள் நுரையீரலில் படிந்து அதைக் கல்லாக்கும் சிலிக்கோசிஸ் என்னும் நோயைப் பற்றி இந்தியாவில் முதன்முதலாக விரிவாக ஆராய்ந்த இடங்களில் தங்கவயல் தலையாயது. 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்நோய் கண்டிருந்தது. சோதிக்கும் வரை அது வெறும் இருமல். எண்ணி எழுதிய பிறகே அதன் அளவு தெரிந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சுரங்கத்திலிருந்து பொன் களவு போகிறதென்று தொழிலாளரைச் சோதிப்பது கம்பெனியார் வழக்கம். அவர்களைப் பதிவு செய்து கைரேகை எடுக்க முற்பட்டபோது, 1930இல் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையை நிறுத்தினர். உழைப்பவன் விரலில் மை தடவிப் பார்த்தால்தான் நம்பிக்கை என்ற காலம் அது. வண்டி செய்து விற்கும் நிறுவனத்தாரை மட்டும் அவர்கள் வாய்ச்சொல்லைக் கொண்டே நம்பியது பிற்காலத்துப் புதுமை. அதைப் பின்னால் காண்போம்.

அளப்பதைப் பற்றிப் பேச்சு வந்தமையால் தங்கவயலின் பெருமை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமுள்ளது. அதன் ஆழத்தில் கருவிகளை நிறுவி, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் ஜப்பானியரோடும் ஆங்கிலேயரோடும் சேர்ந்து, 1965இல் வானிலிருந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டனர். கண்ணுக்குத் தெரியாதது, பூமியையே ஊடுருவிச் செல்வது. அதையும் பிடித்து எண்ணிய ஊர் இது. மேலே சமதரையில் ஓடும் ஒரு காரின் புகையை எண்ணுவதிலே உலகம் ஏமாந்தது வேடிக்கைதான்.

ராபர்ட்சன்பேட்டையில் வாடகைக் கார் ஒன்றை அமர்த்தினோம். டீசல் வண்டி. எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே வேண்டாம். ஓட்டுநர் ஆண்டர்சன்பேட்டைக்காரர்; முப்பது வயதிருக்கும். தகப்பனார் சுரங்கத்தில் துளைபோடும் வேலை பார்த்தவராம். வண்டி கிளம்பியதும், "ஐந்து நிமிஷம் பெட்ரோல் பங்கிலே நிறுத்திக்கிறேன் சார். புகைச் சீட்டு நேற்றோடு முடிஞ்சுபோச்சு, வழியிலே பிடிச்சால் அபராதம்" என்றார். இசைந்தோம்.

பங்கின் ஓரத்தில் ஒரு வேனுக்குள் சோதனைக் கருவி இருந்தது. பையன் ஒருவன் வந்து வண்டியின் புகைக்குழாயில் ஒரு குழலைச் செருகினான். "அழுத்துங்க அண்ணா" என்றான். ஓட்டுநர் நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை மூன்று நான்கு முறை அழுத்தி அழுத்தி விட்டார். திரையில் ஓர் எண் வந்தது. சீட்டு அச்சாகி வெளியே வந்தது. அவ்வளவுதான் சோதனை.

எங்களுடன் வந்த நண்பர் ஒருவர் பாலிடெக்னிக்கில் முப்பது ஆண்டு இயந்திரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவர் பையனை அழைத்து, "தம்பி, இது நைட்ரஜன் ஆக்சைடை அளக்குமா?" என்று கேட்டார். "இல்லை சார், கறுப்புப் புகை எவ்வளவு அடர்த்தி என்று மட்டும் பார்க்கும்" என்றான் பையன். அவன் சொன்னது முற்றிலும் சரி. டீசல் வண்டிக்கு நம் நாட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ ஆண்டுக்கு ஒரு முறையோ செய்யப்படும் இந்தச் சோதனை, கண்ணுக்குத் தெரியும் கரியை மட்டுமே பார்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு அதில் அகப்படுவதில்லை.

பூதிகோட்டைச் சாலையில் வண்டி ஓட, நண்பர் விளக்கத் தொடங்கினார். அவர் சொன்னவற்றை எங்கள் சொற்களில் தருகிறோம்.

டீசல் எஞ்சினில் எண்ணெய் மிகுந்த வெப்பத்தில் எரிகிறது. அவ்வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. மூச்சுக்குழலை அரிப்பவை இவை. காற்றில் கலந்து வெயில் பட்டதும் ஓசோனாகவும் நுண்தூசியாகவும் மாறி மேலும் தீங்கு செய்கின்றன. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும் முதியவருக்கும் இது நேரடித் துன்பம். இதைக் குறைக்க வழிகள் இல்லாமல் இல்லை. கழிவுப் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்தி வெப்பத்தைத் தணிக்கலாம். புகைக்குழாயில் வாயுவைப் பிடித்து வைக்கும் வலை போன்ற ஒரு கருவியைப் பொருத்தலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. ஒன்று கரி கூடும், அல்லது எண்ணெய் கூடுதலாகச் செலவாகும், அல்லது கருவி சீக்கிரம் தேயும். நல்ல இழுப்பு, குறைந்த எண்ணெய்ச் செலவு, குறைந்த விலை, சுத்தமான புகை ஆகிய நான்கையும் ஒருங்கே தருகிறோம் என்று விளம்பரம் செய்தவர் ஜெர்மானியரான வோக்ஸ்வாகன் நிறுவனத்தார்.

அவர்கள் செய்த தந்திரம் இதுதான். அரசாங்கச் சோதனை ஆய்வுக்கூடத்தில் நடக்கிறது. காரை உருளைகளின் மேல் நிறுத்துகிறார்கள். சக்கரம் சுழலும், வண்டி நகராது. வேகம் ஏறுவதும் இறங்குவதும் முன்கூட்டியே வகுத்த கணக்குப்படி நடக்கும். ஸ்டியரிங் வளையமோ திருப்பப்படுவதில்லை. இந்த அடையாளங்களைக் கொண்டு, தான் இருப்பது சாலையில் அன்று, சோதனைச் சாலையில் என்பதை எஞ்சினுக்குள் இருந்த மென்பொருள் தெரிந்துகொள்ளும். உடனே புகையைக் கட்டுப்படுத்தும் கருவிகளை முழு அளவில் இயக்கும். சாலைக்கு வந்ததும் அவற்றைத் தளர்த்திவிடும். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் வாத்தியார் குரல் மாறுவதை நாம் பார்த்ததில்லையா? இங்கே இயந்திரத்துக்கே அந்த வித்தையைக் கற்றுக் கொடுத்திருந்தனர்.

இதை வெளியே கொண்டுவந்தவர் பெரிய அதிகாரிகள் அல்லர். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் டான் கார்டர் என்பவர் தலைமையில் இயங்கிய ஒரு சிறு ஆய்வுக் குழுவினர். அக்குழுவில் சென்னையிலிருந்து சென்ற அரவிந்த் திருவேங்கடம் இருந்தார். பெங்களூர்க்காரரான ஹேமந்த் கப்பண்ணா இருந்தார். மார்க் பெஷ் என்பவரும் இருந்தார். 2013இல் அவர்கள் அளவுக் கருவிகளைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவின் சாலைகளில் ஓட்டினர். ஒரு காரை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து வடக்கே சியாட்டில் வரை ஓட்டித் திரும்பினர். ஜெட்டா என்ற கார் அனுமதித்த அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடை வெளியிட்டது. பஸாட் என்ற கார் 5 முதல் 20 மடங்கு வெளியிட்டது. உடன் சோதித்த மற்றொரு நிறுவனத்தின் கார் பெரும்பாலும் அளவுக்குள்ளேயே நின்றது. ஆகவே டீசலில் அது முடியாத காரியம் அன்று என்பதும் தெரிந்தது.

மோசடியைப் பிடிக்க வேண்டுமென்று அவர்கள் போகவில்லை. ஐரோப்பியரின் டீசல் கார்கள் அமெரிக்காவில் எவ்வளவு நன்றாக இருக்கின்றன என்பதைக் காட்டவே அந்த ஆய்வுக்குப் பணம் தரப்பட்டது. எண்கள் வேறு விதமாக வந்தபோது அவற்றை மறைக்காமல் 2014இல் வெளியிட்டார்கள். எமது எண்ணத்தில் அதுவே பெரிய காரியம். கலிபோர்னியாவின் காற்றுக் கழகத்தார் அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நிறுவனத்தைத் துருவித் துருவிக் கேட்டனர். ஓராண்டுக்கு மேல் சாக்குச் சொல்லி வந்த நிறுவனம், 2015 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. அம்மாதம் 18ஆம் நாள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம் அதை உலகறிய அறிவித்தது. சில வண்டிகள் அளவைப்போல் 40 மடங்கு வரை நச்சைக் கக்கின என்றும் அறிவித்தது. உலகெங்கும் ஒரு கோடியே பத்து இலட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்தது.

பின்விளைவுகள் பெரியவை. நிறுவனத் தலைவர் மார்ட்டின் வின்டர்கோர்ன் ஒரு வாரத்துக்குள் பதவி விலகினார். 2016இல் அமெரிக்காவில் 1,470 கோடி டாலர் வரையிலான உடன்படிக்கை ஏற்பட்டது. கார் வாங்கியவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம். மேலே நஷ்டஈடும் உண்டு. 2017இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஜேம்ஸ் லியாங் என்ற பொறியாளர் 40 மாதமும், ஆலிவர் ஷ்மிட் என்ற மேலாளர் ஏழாண்டும் சிறைத் தண்டனை பெற்றனர். அபராதமும் நஷ்டஈடும் சேர்ந்து 3,000 கோடி யூரோவைத் தாண்டின. ஆனால் மூச்சின் கணக்கு வேறு. 2008 முதல் 2015 வரை வெளியான கூடுதல் நச்சினால் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 59 பேர் காலத்துக்கு முன் இறந்திருப்பர் என்று 2015இல் அங்குள்ள ஆய்வாளர் கணக்கிட்டனர். அந்த ஐம்பத்தொன்பது பேர் யார் யார் என்று எவராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாமையே இத்தகைய குற்றத்துக்குப் பெரிய மறைப்பாக இருக்கிறது.

கப்பண்ணாவின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. அவர் படிப்பு முடிந்தபின் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திலேயே புகைக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தார். 2019இல் அந்நிறுவனம் ஆயிரக்கணக்கானோரை ஆட்குறைப்புச் செய்தபோது அவரும் வேலையிழந்தார். அதற்கும் புகை விவகாரத்துக்கும் சம்பந்தமில்லை என்று நிறுவனத்தார் கூறினர். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம்மவர் எவருக்கும் இந்த நிலைமை புரியும். வேலை போனால் விசாவும் போகும்; பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டே வந்த ஓட்டுநர், "அது அமெரிக்காவிலே சார். நம்ம ஊரிலே யாரு பார்த்தாங்க?" என்றார். பார்க்காமல் இல்லை. உண்மையில் நம் நாட்டில் இதே வகை மோசடி, ஜெர்மானியர் பிடிபடுவதற்கு இரண்டாண்டு முன்னரே வெளிவந்தது. பலருக்கு அது மறந்து போயிற்று.

செவர்லே தவேரா என்ற வண்டியை வாசகர்கள் அறிவார்கள். கல்யாணத்துக்கும் கோயில் யாத்திரைக்கும் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு ஓடிய டீசல் வண்டி. ஜெனரல் மோட்டார்ஸின் இந்தியக் கிளையார் 2004 முதல் விற்று வந்தது. 2013 ஜூலையில் அந்நிறுவனமே முன்வந்து, 2005 முதல் 2013 வரை செய்த 1,14,000 தவேராக்களைத் திரும்ப அழைத்தது. புகை விதிக்குள் அவை அடங்கவில்லை. அடங்குவதாகக் காட்ட ஊழியர் சிலர் தந்திரம் செய்திருந்தனர். மென்பொருள் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பழங்காலத்து முறையே போதுமாயிருந்தது. சோதனைக்குப் போகும் வண்டியில், நச்சுக் குறைவாக வரும் என்று முன்பே தெரிந்த எஞ்சினைப் பொறுக்கி வைத்துப் பொருத்தினர். வண்டியின் எடையையும் மாற்றிக் காட்டினர். எடைக்கேற்ப விதி தளர்வதால் அது உதவிற்று. அரிசிக் கடையில் மேலே நல்ல அரிசியைப் பரப்பி வைப்பார்களே, அதுதான். நிறுவனம் பல அலுவலர்களை வேலையிலிருந்து நீக்கியது. அரசாங்கம் அமைத்த குழு இதை நிறுவன மோசடி என்றே குறிப்பிட்டது. ஆனால் அப்பொழுது இருந்த மோட்டார் வாகனச் சட்டத்தில் இத்தகைய குற்றத்துக்குத் தக்க தண்டனை ஏதும் இல்லை. வண்டியைத் திரும்ப அழைக்குமாறு கட்டளையிடும் அதிகாரம்கூட அரசாங்கத்துக்கு இல்லை. 2017இன் இறுதியோடு அந்நிறுவனம் இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. தவேராக்கள் சில இன்னும் ஓடுகின்றன.

பூதிகோட்டை வந்தது. பேச்சை நிறுத்திவிட்டு இறங்கினோம்.

கருங்கற் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் குன்று. அதன் மேலும் கீழும் சிதைந்த மதில்கள். கோட்டை என்ற சொல்லைக் கேட்டுச் செஞ்சியையோ வேலூரையோ எதிர்பார்த்து வருவோர் ஏமாறுவர். மதிற் கற்களுக்கிடையே எருக்கும் கள்ளியும் வளர்ந்திருக்கின்றன. ஆடு மேய்க்கும் சிறுவர் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசினர். எங்கள் ஓட்டுநரிடம் தமிழிலும் விடை சொன்னார்கள். மூன்று மொழிகளும் வரப்பில்லாமல் கலக்கும் சீமை இது.

பூதி என்றால் சாம்பல். திருநீற்றுக்கும் அது பெயர். கன்னடத்திலும் அதே பொருள்தான். ஆக, சாம்பற்கோட்டை. முற்காலத்தில் வேள்விகள் நடந்த இடம் என்றும், அச்சாம்பலே பெயருக்குக் காரணம் என்றும் கதை சொல்கிறார்கள். சீரா நவாபிடம் படைத்தலைவராயிருந்த பத்தே முகம்மது என்பவருக்கு இவ்வூர் ஜாகீராகக் கிடைத்தது. 1720ஆம் ஆண்டை ஒட்டி அவருக்கு இங்கே பிறந்த மகனே ஹைதர் அலி. தந்தை போரில் மடிந்தபோது மகன் சிறு பிள்ளை. எழுதப் படிக்கத் தெரியாமலே வளர்ந்து, பிற்காலத்தில் ஆங்கிலேயரைச் சென்னைக் கோட்டை வாசல் வரை துரத்திச் சென்று 1769இல் உடன்படிக்கை எழுத வைத்தவர். கணக்குகளைக் காதால் கேட்டே நினைவில் வைத்துக்கொள்வார் என்றும், அதனால் கணக்கப்பிள்ளைகள் அவரை ஏமாற்ற அஞ்சினர் என்றும் சொல்வார்கள். நண்பர் இதைச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். காரணம் வாசகர்களுக்குத் தெரியும்.

குன்றின் மேலிருந்து பார்த்தால் கேழ்வரகுக் கொல்லைகளும், முசுக்கட்டைத் தோட்டங்களும், குச்சி நட்ட தக்காளிப் பயிரும் தெரிகின்றன. கோலார்த் தக்காளி இந்தியா முழுவதும் போகிறது. சாலையில் பெட்டி அடுக்கிய டீசல் லாரிகள் வரிசையாகச் சென்றன. மேட்டில் ஏறும்போது ஒவ்வொன்றும் கரும்புகையை ஊதிவிட்டுப் போயிற்று. அந்தப் புகை நமக்குத் தெரிகிறது, திட்டுகிறோம். புதிய காரின் புகை தெரிவதில்லை. சுத்தம் என்று எண்ணிக்கொள்கிறோம். பாறை நிழலில் அமர்ந்து கொண்டுவந்த புளியோதரையை உண்டபின், மீதிக் கதையையும் பேசி முடித்தோம்.

வோக்ஸ்வாகன் விவகாரம் வெடித்ததும் இந்திய அரசாங்கம் பூனாவிலுள்ள மோட்டார் ஆராய்ச்சிச் சங்கத்தைச் சோதிக்கச் சொன்னது. சாலையில் ஓட்டிப் பார்த்தபோது அந்நிறுவனத்துக் கார்கள் விதியைப்போல் 1.1 முதல் 2.6 மடங்கு வரை நச்சை வெளியிட்டன. 2015 டிசம்பரில், வோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி ஆகிய மூன்று பெயர்களில் விற்ற 3,23,700 கார்களைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் அறிவித்தது. தாங்களாக விரும்பிச் செய்வது என்றும், இந்தியாவில் சாலைப் புகைக்கு விதியே இல்லாததால் தாங்கள் எவ்விதியையும் மீறவில்லை என்றும் வாதாடியது. அமெரிக்கருக்குக் காரின் விலையும் நஷ்டஈடும்; ஜெர்மனியில் 2020இல் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்க்கு 83 கோடி யூரோ சமரசத் தொகை; இந்தியருக்கு இலவசத் திருத்தம். ஒரே எஞ்சின், ஒரே ஏமாற்று.

பள்ளி ஆசிரியை ஒருவரும் வேறு சிலரும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்தனர். தீர்ப்பாயம் அமைத்த நிபுணர் குழு, இக்கார்கள் 2016இல் ஏறத்தாழ 48.678 டன் நைட்ரஜன் ஆக்சைடைக் காற்றில் கலந்தன என்றும், அதனால் உடல்நலத்துக்கு ஏற்பட்ட நஷ்டம் 171.34 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. 2019 மார்ச் 7ஆம் நாள் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் செலுத்தும்படி கட்டளையிட்டது. நிறுவனம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. அவ்வாண்டு மே மாதம் 6ஆம் நாள், கட்டாய நடவடிக்கை எதுவும் எடுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது.

நிபுணர் குழுவின் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெல்லி போன்ற ஒரு பெருநகரை அடிப்படையாக வைத்தே அதைப் போட்டார்கள். பெருநகரில் மக்கள் நெருக்கம். ஆகவே கணக்குக்கு வசதி. பங்காரப்பேட்டையிலோ தங்கவயலிலோ ஓடிய கார்களின் புகையை யாரும் தனியே எண்ணவில்லை. ஏற்கெனவே பாறைத் தூளால் நுரையீரல் கெட்ட முதியவர்கள் வாழும் ஊர் இது. சயனைடு மேட்டுத் தூசியோடு இன்னும் சிறிதளவு நச்சு வந்து சேர்ந்தால் அங்கே அதற்கு என்ன விலை? டெல்லிக்காரர் நுரையீரலுக்கும் ஆண்டர்சன்பேட்டைக்காரர் நுரையீரலுக்கும் ஒரே விலை என்று வைத்துக்கொண்டாலும், அதைக் கேட்டுப் பெறுவதற்கு ஓர் எண் வேண்டும். 1940களில் ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்தி மார்பைப் படம்பிடித்து எண்ணியதால்தான் சிலிக்கோசிஸின் அளவு தெரிந்தது. இப்பொழுது அப்படி எண்ணுவார் இல்லை.

ஓட்டுநர் அமைதியாயிருந்தார். பிறகு, "எனக்கு ஒண்ணு புரியலே சார். என் வண்டிக்குச் சீட்டு ஒருநாள் தவறினால் அபராதம். கம்பெனிக்கு மூணு லட்சம் வண்டி தவறினாலும் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். நண்பர் முப்பது ஆண்டு வாத்தியாராக இருந்தவர். எக்கேள்விக்கும் விடை வைத்திருப்பவர். அன்று அவர் புளியோதரைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

ஒன்றுமே மாறவில்லை என்று சொல்வது நியாயமன்று. தவேராவும் வோக்ஸ்வாகனும் கொடுத்த அடிக்குப் பிறகு, 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கக் கட்டளையிடும் அதிகாரம் அரசாங்கத்துக்கு வந்தது. விதியை மீறும் உற்பத்தியாளருக்கு 100 கோடி ரூபாய் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ விதிக்கலாம். 2020 ஏப்ரல் முதல் பாரத் ஆறு என்ற கடுமையான புகை விதி நடைமுறைக்கு வந்தது. 2023 ஏப்ரல் முதல் புதிய கார் வகைகளை ஆய்வுக்கூட உருளையில் மட்டுமன்றிச் சாலையிலும் ஓட்டி அளக்க வேண்டும். மேற்கு வர்ஜீனியாக் குழுவினர் காரின் பின்பெட்டியில் ஏற்றிச் சென்ற அதே முறை, பத்தாண்டுக்குப் பின் நம் நாட்டிலும் சட்டமாயிற்று. பழைய வண்டிகளுக்கு மட்டும் இன்னும் அந்தப் பங்கு ஓரத்து வேனும், குழலும், கறுப்புப் புகை எண்ணும்தான்.

மாலை நான்கு மணிக்குக் குன்றிலிருந்து இறங்கினோம். இரவு ரயிலில், காலையில் எதிரே கண்ட கூட்டம் திரும்பி வந்து இறங்குவதைப் பங்காரப்பேட்டை நிலையத்தில் பார்த்தோம்.

பூதிகோட்டை செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ரயிலில் பங்காரப்பேட்டை வந்து, அங்கிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ போகலாம். குன்றில் நிழல் குறைவு; குடிநீரும் தொப்பியும் அவசியம். சிறுவரை மதிலோரம் தனியே விடலாகாது. ஒரு நாள் கூடுதலாக இருந்தால் கோலார் நகருக்கும் செல்க. ஹைதரின் தந்தை பத்தே முகம்மதின் கல்லறை அங்கே இருக்கிறது. கோலாரம்மன் கோயிலில் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளையும் காணலாம். தங்கவயலில் தங்குவோர், காற்றடி மாதங்களான ஆனி, ஆடியைத் தவிர்த்தல் நன்று. சிறு குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ உடன் வந்தால் சயனைடு மேடுகளின் அருகே போக வேண்டாம். 2008க்கும் 2015 நவம்பருக்கும் இடையே வாங்கிய அந்த மூன்று பெயர் டீசல் கார்களில் ஒன்று நம் வாசகர் வீட்டில் இன்னும் இருந்தால், வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொண்டுபோய், திருத்தம் செய்யப்பட்டதா என்று நிறுவனத்தின் பணிமனையில் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளவும்.